இரட்டைக் கோடு நோட்டு

ஜனவரி 8, திங்கள்

ஷீபா அக்கா குவைத்திலிருந்து பேசினாள். அவள் வார்டில் வேலை பார்க்கும் இன்னொரு நர்ஸின் மகள் திருநெல்வேலியில் கன்னியர் நடத்தும் போர்டிங்கில் படிக்கிறாளாம். ஆறு வயது. கிறிஸ்துமஸுக்குத் தன் கையாலேயே வாழ்த்து எழுதி அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"நம்ம பிள்ளைக்கு அவளுக்க பேராவது எழுதத் தெரியுமாட்டி?"

"படிச்சிட்டு இருக்கா."

"ஈஸ்டருக்கு லீவுல வருவேன். அதுக்குள்ள நாலு வார்த்தை எழுதணும், எழுத்துக் கூட்டி வாசிக்கணும். இல்லன்னா ஜூன்ல அந்த போர்டிங்லயே ஒண்ணாம் கிளாஸ் சேத்துருவேன். நீயும் எவ்வளவு நாள்தான் சுமப்ப, மெர்லின்."

கடைசி வரியை அன்பாகத்தான் சொன்னாள். அத்தான் இறந்து, அவள் குவைத்துக்குப் போய், ஜோவிதா என்னிடமும் அப்பாவிடமும் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. 'சுமப்பது' என்ற சொல்லை நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

தினமும் ஒரு பக்கம் எழுத வைத்து, எட்டு மணிக்குள் போட்டோ அனுப்ப வேண்டும். டியூட்டி முடிந்து அறைக்கு வரும்போது பார்ப்பதற்கு ஏதாவது வேண்டும் என்றாள். இரட்டைக் கோடு நோட்டு ஒன்றும் பென்சில் ஆறும் வாங்கினேன்.

ஜனவரி 9, செவ்வாய்

பெயரிலிருந்து தொடங்கியது தவறு. ஜோ. முன்னால் ஒரு இரட்டைக்கொம்பு, நடுவில் ஜ, பின்னால் ஒரு கால்.

"ஜோன்னு ஒரே சத்தம்தானே வருது. எதுக்குச் சித்தி மூணு எழுதணும்?"

எழுதுவது அப்படித்தான் என்றேன். தமிழில் எம்.ஏ. படித்திருக்கிறேன்.

ஜனவரி 12, வெள்ளி

அச்சகத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் கைடு. நூற்று அறுபது பக்கம், மெய்ப்புப் பார்த்துப் பொங்கலுக்கு முன் கொடுக்க வேண்டும். தினமும் மாலை ஆறரைக்கு ஆள் வந்து பார்த்தவரை வாங்கிப் போவார். காலையில் மூவருக்கும் சமையல், அப்பாவுக்கு இன்சுலின், ஜோவிதாவைப் பள்ளி வேனில் ஏற்றுவது, துணி. பிறகு கைடு. நான்கு மணிக்கு அவள் திரும்பி வரும்போது என் கண்ணில் எழுத்துகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் இன்னும் ஒரு வரிகூடப் பார்க்க முடியாத நேரத்தில்தான் அவளை உட்கார வைக்கிறேன்.

மூன்று வரி எழுதினாள். பென்சிலை அழுத்திப் பிடித்து முனையை நான்கு முறை ஒடித்தாள்.

ஜனவரி 16, செவ்வாய்

விடுமுறை. அவள் போர்டிங்குக்குப் போனால் எனக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பிஎச்.டி.க்குப் பதிவு செய்யலாம். பாதியில் வைத்த புத்தகங்களை முடிக்கலாம். பட்டியல் போட நோட்டை எடுத்தேன். அதற்குள் ஜோவிதா வந்து மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். பேனா எட்டாத தூரத்தில் இருந்தது. கால் மரத்துப்போயிற்று.

பட்டியல் நாளைக்கு.

ஜனவரி 19, வெள்ளி

கஷ்டமான நாள். ஒன்றரை மணி நேரம். 'அ' வரவில்லை. சுழி மட்டும் போட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள், நான் அதட்டினால் சுழியையும் அழிக்கிறாள். தாள் கிழிந்தது. கோடு போட வைத்திருந்த ஸ்கேல் அவள் கையில் லேசாகப் பட்டது. கொஞ்சம் அழுதாள். பிறகு சரியாகிவிட்டாள். இட்லி மூன்று சாப்பிட்டாள்.

இன்று போட்டோ அனுப்பவில்லை. நெட் இல்லை என்று சொன்னேன்.

ஜனவரி 20, சனி

பென்சிலைக் கையில் கொடுத்தால் மேஜைமேல் வைத்துவிடுகிறாள். கோபமில்லை, பிடிவாதமில்லை. யாரோ கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது போல.

ஜனவரி 22, திங்கள்

பக்கம் அனுப்பியாயிற்று.

ஜனவரி 23, செவ்வாய்

அனுப்பியாயிற்று. 'அ' இரண்டு வரி, 'ஆ' இரண்டு வரி. அக்கா இதயம் போட்ட படங்கள் ஏழு அனுப்பினாள். அதன் பிறகு குரலிலும் ஒரு செய்தி: "எம் பிள்ளைக்க கோணல் எழுத்தப் பாத்துட்டே இருக்கேன்."

ஜனவரி 26, வெள்ளி

இடது மணிக்கட்டு வலிக்கிறது.

ஜனவரி 28, ஞாயிறு

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதிவைக்கிறேன். போன திங்கட்கிழமை முதல் அந்தப் பக்கங்களை எழுதுவது நான்தான். வலது கையால் எழுதினால் எழுத்து நேராக வந்துவிடும். அதனால் இடது கை. குழந்தை எழுத்துக்குப் பிழைகளும் வேண்டும். 'ம'வின் வாலை மேல்கோட்டுக்கு வெளியே விடுகிறேன். 'வா'வின் காலைக் கீழே தொங்கவிடுகிறேன். பகலெல்லாம் பிழை திருத்திவிட்டு ஏழு மணிக்குப் பிழை செய்ய உட்காருகிறேன்.

பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவளுக்குக் கதை சொல்ல நேரம் கிடைக்கிறது. ஒரு வாரம் இப்படிப் போகட்டும். அவளுக்கு மனது மாறியதும் உண்மையான பக்கங்களை அனுப்பத் தொடங்கலாம்.

ஜோவிதா பக்கத்தில் முட்டிபோட்டு, மேஜையில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தான் எழுத வேண்டியதில்லை என்ற நிம்மதி அவளுக்கு.

பிப்ரவரி 2, வெள்ளி

இன்றைய பக்கத்தில் 'அம்மா வா' என்று எழுதினேன். இரண்டும் எளிய எழுத்துகள், அதனால்தான்.

அக்கா உடனே போன் செய்தாள். அந்த இரண்டு வார்த்தையையும் வாசித்தாள். பிறகு, "அவளாட்டா எழுதினாளா? நீ சொல்லிக் குடுத்தியா?" என்றாள்.

"அவளாத்தான்."

பிப்ரவரி 5, திங்கள்

அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஆஸ்பத்திரி லாக்கரின் உள்கதவில் ஒட்டியிருக்கிறாளாம்.

பிப்ரவரி 8, வியாழன்

வகுப்பு மிஸ் கூப்பிட்டுப் பேசினார். வாசிப்பில் குறை இல்லை, பலகையில் எழுதிப் போட்டால் சொல்லிவிடுகிறாள். "ஆனா பென்சிலத் தொட மாட்டேங்கா. கையில வச்சு விட்டாலும் கீழ வச்சிருதா. வீட்டுல எழுதுவாளா?" என்று கேட்டார்.

எழுதுவாள் என்றேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சோப்புப் போட்டுக் குளிப்பாட்டும்போது கவனித்தேன். இடது உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழே, கரியாக இருக்கிறது. எங்கே போய்த் தேய்க்கிறாளோ.

குளித்து வந்து, நான் கழித்துப்போட்ட மெய்ப்புத் தாள்களோடு மேஜைக்கு அடியில் உட்கார்ந்தாள். சிவப்புப் பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தாள்.

"என்ன செய்ய?"

"தப்புப் பாக்கேன்."

எல்லா 'ம'வையும் வட்டமிட்டிருக்கிறாள். ஒன்றைக்கூட விடவில்லை. நான் அந்தப் பக்கத்தில் இரண்டு பிழைகளை விட்டிருந்தேன்.

பிப்ரவரி 17, சனி

ஆறு பென்சிலில் இரண்டுதான் மிச்சம். நான் அவ்வளவு எழுதவில்லை. அப்பா குறுக்கெழுத்துக்கு எடுத்திருப்பார்.

பிப்ரவரி 21, புதன்

அப்பா பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் அறுவைக்குப் பிறகு நாற்காலியை விட்டு எழுவதில்லை. ஆனால் நாற்காலியிலிருந்தே எல்லாவற்றையும் பார்க்கிறார்.

"பிள்ளைக்க ரெண்டு கையும் ஓடுது, பாத்தியா?" என்றார்.

"ஓடாம என்னப்பா. ஒரு எடத்துல இருக்கதில்ல."

"நீ பாக்கதே தாளு மட்டுந்தான்."

அவருக்கு நான் சாயங்காலத்தில் எழுதும் பக்கங்கள் பற்றித் தெரியுமா என்று ஒரு கணம் பயந்தேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் அல்ல.

மார்ச் 1, வெள்ளி

ஒரு வாரம் என்று ஜனவரியில் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 6, புதன்

காய்ச்சல். எனக்கு. பத்தாம் வகுப்பு கைடும் அதே நாளில். இடது கையால் எட்டு வரி.

மார்ச் 7, வியாழன்

காய்ச்சல். ஜோவிதா ஈரத்துணி என்று எதையோ என் நெற்றியில் வைத்தாள். அது அவளுடைய சாக்ஸ்.

மார்ச் 12, செவ்வாய்

அக்காவுக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டது. இருபத்தேழாம் தேதி திருவனந்தபுரம் வருகிறாள். போர்டிங் விண்ணப்பத்தை வாட்ஸப்பில் அனுப்பி, அச்செடுத்து வைக்கச் சொன்னாள். "அவ எழுதுத எழுத்தப் பாத்தா தேவைப்படாது. ஆனாலும் கையில இருக்கட்டும்."

அச்செடுத்தேன். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை. பழக்கத்தில் வட்டமிட்டுவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

இன்று மீண்டும் உட்கார வைத்தேன். மிட்டாய், கெஞ்சல், எல்லாம். வலது கையில் பென்சிலை வைத்து, என் கையை மேலே வைத்து எழுத முயன்றேன். அவள் விரல்கள் என் கைக்குள் செத்துக் கிடந்தன. விட்டுவிட்டேன்.

இன்னும் பதிமூன்று நாள். போர்டிங்கில் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாமாம். மாதத்தில் முதல் ஞாயிறு. நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். போகவர நான்கு. அதில் புத்தகம் படிக்கலாம்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

பவனியில் ஜோவிதா ஓலையை இடது கையில் பிடித்திருந்தாள். வலது கையால் என் சேலையை. வெயில் கடுமை. திரும்பி வந்து அக்காவின் அறையைத் துடைத்தேன், மெத்தையைக் காயப் போட்டேன். பக்கம் எழுதினேன்.

மார்ச் 27, புதன்

அக்கா வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். ஜோவிதா முதல் பத்து நிமிடம் என் பின்னால் நின்றாள், பிறகு அம்மாவின் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்சினேன்.

இரண்டு பெட்டி சாமான். ஒரு கம்பளி. அப்பாவுக்கு டார்ச் லைட். சாப்பிட்ட பிறகு பர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். லாக்கரில் ஒட்டியிருந்ததை உரித்து எடுத்து வந்திருக்கிறாள். மூலைகளில் பசை மஞ்சளாகப் படிந்திருந்தது. அம்மா வா.

"என்கூட இருக்க பிலிப்பினோக்காரி கேப்பா, இதுல என்ன எழுதிருக்குன்னு. சொன்னேன். அவளும் அழுதா. ரெண்டு பேரும் இதப் பாத்துட்டுத்தான் டியூட்டிக்குப் போவோம்."

நான் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 28, பெரிய வியாழன்

"எனக்கு முன்னால ஒரு வரி எழுதட்டும்" என்றாள் அக்கா. பிள்ளை களைத்திருக்கிறாள், நாளைக்கு என்றேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

இன்று எழுதக் கூடாது, துக்க நாள் என்றேன். அப்படியொரு வழக்கம் எந்தக் கோவிலிலும் இல்லை. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்பா டார்ச்சை எரித்து எரித்து அணைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 30, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணி. அக்கா தானே நோட்டை எடுத்து மேஜையில் வைத்து, ஜோவிதாவை நாற்காலியில் தூக்கி உட்கார்த்தினாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்து எழுந்து, கையைத் துடைத்தேன். "அக்கா" என்றேன்.

"இரிட்டி. பிள்ள எழுதட்டும். எழுது மக்ளே, லாக்கர்ல ஒட்டினோம்லா, அத எழுது."

ஜோவிதா என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்பது போல. பென்சிலை எடுத்தாள். இடது கையில்.

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'அ'வின் சுழி. கீழே இறங்கி வளைந்து ஏறும் கோடு. 'ம'வின் வால் மேல்கோட்டைத் தாண்டிப் போயிற்று. 'வா'வின் கால் கீழே தொங்கியது. எல்லாம் நான் செய்த பிழைகள். நான் யோசித்து யோசித்துச் செய்த ஒவ்வொன்றையும் அவள் அப்படியே கற்றிருந்தாள். பர்ஸிலிருந்த தாளையும் இதையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கை என்றுதான் சொல்வார்கள்.

அக்கா நர்ஸ். எழுத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்த்தாள்.

"சாப்பிடுதது வலது கையில. தலை சீவுதது வலது கையில. இது என்ன, இந்தக் கை?"

"வீட்டுப் பாடம் இந்தக் கையிலதானே எழுதணும்" என்றாள் ஜோவிதா. "சித்தி இப்படித்தான் எழுதுவா. மிஸ்ஸுக்குத் தெரியாது, அந்தக் கையில தராங்க."

அடுப்பில் குக்கர் விசிலடித்தது. யாரும் போகவில்லை.

"அந்தக் கையில எழுதிப் பாரேன் மக்ளே."

வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "அந்தக் கை எழுதினா அடி கெடைக்கும்."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஜோவிதா எங்கே எழுதிப் பழகினாள் என்பதை அப்பாதான் சொன்னார். நாற்காலியிலிருந்து டார்ச்சை நீட்டி அரிசி டிரம்மைக் காட்டினார். டிரம்மை நகர்த்தினோம். பின்னால் அவள் நுழையும் அளவுக்கு ஒரு இடுக்கு; தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை, சுவர் முழுக்க. அ அ அ அ. அம்மா. ஆடு. அம்மா வா. அம்மா வா. நான் காலையில் குளிக்கப் போகும் நேரத்தில் நடந்திருக்கிறது. மூன்று பென்சில்கள் அங்கேதான் கிடந்தன, சுண்டுவிரல் அளவுக்குக் கரைந்து.

"நீங்க சொல்லியிருக்கலாம்லா" என்றேன் அப்பாவிடம்.

"சொன்னேம்லா. ரெண்டு கையும் ஓடுதுன்னு."

மார்ச் 31, ஈஸ்டர்

பூசைக்குப் போனோம். அக்கா என்னோடு பேசவில்லை. பிரியாணியில் உப்பு இல்லை, அதையும் சொல்லவில்லை.

இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஜனவரி 19இல் 'ஸ்கேல் அவள் கையில் லேசாகப் பட்டது' என்று இருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு, மெய்ப்பில் செய்வது போல ஓரத்தில் திருத்தம் எழுதினேன்: அடித்தேன். வலது புறங்கையில். இரண்டு முறை. விளிம்பால்.

பிப்ரவரி 2இல் எளிய எழுத்துகள் என்று எழுதியதையும் திருத்த வேண்டும். தினமும் சாயங்காலத்தில் ஜோவிதா எழுதச் சொல்லிக் கேட்டது அந்த இரண்டு வார்த்தைகளைத்தான். அது அவள் சொன்னது. நான் எழுதினேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 1, திங்கள்

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வாளியோடு ஏறி வந்தாள். போர்டிங் விண்ணப்பம் அவள் கையில் இருக்கும் என்று நினைத்தேன். கிளிப் டப்பாதான் இருந்தது.

"திருநெல்வேலிக்கு இன்னைக்குத்தானே போகணும்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"போகட்டா?"

"உன் பிள்ள. உன் இஷ்டம்."

"எதக் கேட்டாலும் இப்படி ஒண்ணு சொல்லு. சின்னதுலருந்து இதுதான். உனக்கு என்ன வேணும்னு வாயத் தொறந்து சொன்னா வாயில புழு விழுந்துருமாட்டி?"

தலையணை உறையை உதறினேன். இரண்டு முறை உதறினேன். அதில் நீர் இல்லை.

"அவ இங்க இருக்கட்டும்" என்றேன்.

மூன்றே வார்த்தை. இரண்டரை வருடத்தில் இந்த நோட்டில்கூட அதை எழுதியதில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அக்கா கொஞ்ச நேரம் கிளிப்புகளைக் கொடியில் மாட்டிக்கொண்டே இருந்தாள், துணி இல்லாத இடத்திலும்.

"அடிக்க மாட்டேன்னு சொல்லு."

"அடிக்க மாட்டேன்."

"எங்கிட்ட இல்ல. அவகிட்ட."

"சரி."

"போட்டோ வேண்டாம் இனி. வெள்ளிக்கிழமை வீடியோவுல எழுதட்டும், நான் பாக்கேன். ஒரு வரி எழுதினாலும் போதும். எந்தக் கையில வருதோ அந்தக் கையில."

"கோவமா?"

"இருக்கு. அது இருக்கட்டும் ஒரு பக்கம்." வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "ரெண்டு மாசம் நல்லா தூங்கினேன்ட்டி அங்க. அத எப்படித் திருப்பித் தரச் சொல்ல உங்கிட்ட?"

ஏப்ரல் 2, செவ்வாய்

ஜோவிதாவிடம் சொன்னேன். அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கையை அடித்தது தப்பு, சித்தி இனி அடிக்க மாட்டேன் என்று.

யோசித்துவிட்டு, "மத்த கையை?" என்றாள்.

"அதையும்தான்."

"சரி. பசிக்கி."

ஏப்ரல் 9, செவ்வாய்

ப்ளஸ் ஒன் கைடு வந்திருக்கிறது. முந்நூறு பக்கம். மாலையில் மேஜையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். 'ஆ' எழுதினாள், 'இ' எழுத முயன்று விட்டுவிட்டாள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஒருமுறை பென்சிலை வலது கைக்கு மாற்றி ஒரு கோடு இழுத்தாள், என்னைப் பார்த்தாள், மீண்டும் இடது கைக்கு மாற்றினாள். நான் கைடைப் பார்ப்பது போல இருந்தேன். ஒரே வரியை ஐந்து முறை படித்தேன்.

ஏப்ரல் 13, சனி

அக்கா இன்று திரும்பிப் போனாள். காலையில் கார் வருவதற்கு முன் லாக்கருக்குப் புதிதாக ஒன்று எழுதித் தா என்று ஜோவிதாவிடம் கேட்டாள். என்ன வேண்டுமானாலும் எழுது என்றாள்.

ஜோவிதா வெகுநேரம் எழுதினாள். அம்மா வா.

"இன்னும் வாசலே தாண்டல நான். அதுக்குள்ள 'வா'ங்குதா பாரு" என்று அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். தாளை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தாள். பழைய தாளும் பர்ஸின் அதே மடிப்பில் இருந்தது, நான் எழுதியது.

"அத எடுத்துரு அக்கா" என்றேன்.

"எதுக்கு? அதுவும் வான்னுதானே சொல்லுது."

பர்ஸை மூடினாள். கார் தெருமுனை திரும்பும்வரை ஜோவிதா இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.